ஏரிக்கரை ரிசார்ட்டில் ஏரி இருந்தவரை

மார்கழி விடுமுறைக்கு ஒரத்தநாடு பக்கம் 'ஏரிக்கரை' ரிசார்ட்டுக்கு வந்தோம். விடாத மழை. காலையிலிருந்து உள்ளேயே கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை ஏரி.

மதியம் பயிர்ச்சேதம் பார்க்க வந்த வி.ஏ.ஓ. மழைக்கு ஒதுங்கினார். ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்ததால் அவரையும் உட்காரவைத்தோம்.

பின்னாலேயே ஒரு விவசாயி நனைந்தபடி வந்தார்.

"சார், அது ஏரி இல்லீங்க, என் வயலு. அறுப்புக்கு நின்ன சம்பா முங்கிக் கெடக்கு. சேதம்னு எழுதுனாத்தாங்க நிவாரணம் வரும்."

வி.ஏ.ஓ. ரெட்டுக்குக் குறி பார்த்தபடியே, "வாசல்ல ஏரின்னு போர்டு இருக்கே" என்றார்.

விவசாயி வாசல் போர்டை எட்டிப் பார்த்தார்.

"சரிங்க, ஏரின்னே எழுதுங்க. அப்ப இந்தக் கட்டடம் ஏரிப் புறம்போக்குல நிக்குது. அதையும் சேத்து எழுதிருங்க."

கேட்டுக்கொண்டிருந்த ரிசார்ட் மேனேஜர் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து சொன்னார்:

"வயல்தாங்க சார். பரம்பரையா வயல்."

வி.ஏ.ஓ. சேதம் என்று எழுதிவிட்டு ரெட்டையும் போட்டுவிட்டுப் போனார். அந்தப் போர்டு இப்போது எங்கள் கேரம் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

ரிவியூ கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. ஸ்டாரை ஏரிக்குப் போடுவதா, வயலுக்குப் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.