பிழிந்து பார்க்கிற கை

ஊர்க் குப்பையெல்லாம் வந்து சேரும் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பிரிக்கிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்தது மூக்கக்கா. லாரி தெருமுனை திரும்பும்போதே எந்த வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாள், எந்த வீட்டில் புருஷன் சமைத்தான் என்று சொல்லிவிடுவாள். காணாமல் போன மோதிரம் ஒன்றை மோப்பம் பிடித்தே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தங்கத்துக்கு ஏது வாசனை என்று கேட்பவர்கள் அந்த மோதிரக்காரரின் விரலை முகர்ந்து பார்த்ததில்லை.

ஆனால் மூக்கை விட அவள் நம்புவது கையை. லாரி கொட்டியதும் குவியலின் அடிவயிற்றிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பிழிவாள். சொட்டினால் எருக்குழிக்கு, சொட்டாவிட்டால் பிரித்துக் கட்டுவதற்கு. அவள் கை சொன்னால் சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு தப்பு செய்தாள். போன கோடையில் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் நான்கு காலிப் பெட்டிகளோடு வந்து, "சாம்பிள் வேணும்மா" என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வீடு தேடி வந்த மனுஷனுக்கு அழுகலையா கொடுப்பார்கள்? காய்ந்த அட்டை, மரத்தூள், துணித்துண்டுகள் என்று பார்த்துப் பார்த்து நிரப்பி, மஞ்சள் கயிற்றால் இரட்டை முடிச்சும் போட்டு அனுப்பினாள். தன் வேலை சுத்தத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்ற சின்னப் பெருமை.

இந்த வருடம் தெருக்காரர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கொட்டகைக்குப் பின்னால், குழந்தைகள் பள்ளியின் மதிலை ஒட்டி, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வரப்போகிறதாம். இந்த ஊர்க் குப்பை கற்பூரமாக எரியும் என்று சோதனையில் தெரிந்ததாம். அவர்கள் நீட்டிய அறிக்கையில் ஒரு படம். நான்கு பெட்டி, மஞ்சள் கயிறு, இரட்டை முடிச்சு.

மூக்கக்கா நேராகத் தம்பியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். தம்பி ஆளுங்கட்சிக் கவுன்சிலர். பதினேழு பேர் சபையில் கட்சிக்கு ஒன்பது கை. அந்த ஒன்பதாவது கை இவனுடையது.

"தம்பி, அந்த உலைக்கு நான்தான்டா காரணம்" என்று நடந்ததைச் சொன்னாள்.

அவன் மிஷினை நிறுத்தினான். "ஐயோ அக்கா! வெளிய சொல்லிடாத. உன் வேலை போயிடும்."

"போனா போகட்டும். உன் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம்டா அது."

"எனக்குத் தெரியாதா? எல்லாரும் கை தூக்கணும்னு தலைவர் சொல்லிட்டாரு. தூக்கலன்னா கட்சியை விட்டே தூக்கிடுவாங்க."

"மழையில குடை பிடின்னா கை வலிக்குதும்பே. அவரு சொன்னா மட்டும் வலிக்காதோ?"

தம்பி ஒரே தாளை நாற்பது நகல் எடுத்தான். யாரும் கேட்காத நகல்.

வாக்கெடுப்பு அன்று பொதுமக்கள் பேசலாம் என்று அறிவித்ததும் மூக்கக்கா ஒரு வாளியோடு எழுந்தாள். சபைத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, அறிக்கையில இருக்கிறது நான் பொறுக்கிக் கொடுத்த குப்பை. பெருமைக்குக் கொடுத்தேன், தப்பு என்மேலதான். இதுதான் இன்னைக்குக் காலையில லாரியில வந்த நிஜக் குப்பை."

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தாள். தண்ணீர் மேசையில் விழுந்து, அறிக்கையை நனைத்து, ஓரமாக ஓடி, தலைவரின் புதுச் செருப்பில் வடிந்தது. அடுத்த பிடிக்கு முன்வரிசை நாற்காலிகள் மிதந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதில் பாதியைக் கழித்தாலும் செருப்பு நனைந்தது நிஜம்.

இன்ஜினியர் அவசரமாக எழுந்தார். "ஈரமா இருந்தா பரவாயில்லம்மா. டீசல் ஊத்தி எரிச்சுக்கலாம்."

உடனே ஒரு குரல் கேட்டது. தம்பியுடையது.

"டீசல் ஊத்தினா எரியும், சரி. அப்போ கரண்டு வர்றது குப்பையில இருந்தா, டீசல்ல இருந்தா?"

"நீ உக்காருப்பா" என்றார் தலைவர்.

"உக்காந்துதான் அண்ணே இருக்கேன்."

ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். எட்டு கைகள் எழுந்தன. தலைவர் தம்பியையே முறைத்தார். தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டான். எங்கே பழக்கதோஷத்தில் எழுந்துவிடுமோ என்ற பயம். எதிர்ப்பவர்கள் என்றதும் இரண்டையும் உருவித் தூக்கினான். ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. எட்டுக்கு ஒன்பது.

மூக்கக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை நிறுத்தப் பார்த்தார்கள்தான். ஒரே ஒரு நாளைக்கு அந்தக் குவியலில் யார் கை விடுவது என்று பேச்சு வந்ததும் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் கட்சியிலிருந்து நீக்கல் கடிதம் வந்தது. தம்பி அதைப் பெரிதாக்கி நகல் எடுத்துக் கடை வாசலில் ஒட்டினான். எழுத்து எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று பார்த்துவிட்டு நாலு பேர் உள்ளே வந்தார்கள்.

"இனிமே சும்மாத்தான் இருக்கணும்" என்றான் அக்காவிடம்.

"யாரு விட்டா? சாயங்காலம் கொட்டகைக்கு வா. எருக்குழிக்கு இன்னொரு இடம் கேட்டு மனு எழுதணும்" என்றவள், மேசையில் கிடந்த அசல் கடிதத்தை எடுத்து, வழக்கம்போல உள்ளங்கையில் வைத்து ஒரு பிழி பிழிந்தாள்.

"பொட்டு ஈரமில்ல தம்பி. இது நல்லா எரியும்."