பவளப்பாறை பார்க்க மூன்று கொட்டேஷன்

கண் மருத்துவர் அடுத்த வருகைக்கான அட்டையைத் திருப்பிப் போட்டு ஒரு வட்டம் வரைந்தார். அதற்குள் இன்னொரு வட்டம். அதற்குள் இன்னும் சிறியதாக ஒன்று. இரண்டாவது வட்டத்தைப் பேனாவால் தட்டி, "இப்போது உங்கள் மனைவி இங்கே இருக்கிறார்" என்றார். கண்ணுக்குள் அழுத்தமாம். பார்வை ஓரங்களிலிருந்து போய்க்கொண்டே வருமாம். சொட்டு மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"எந்தத் தேதிக்குள் டாக்டர்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வருஷம் இருக்கலாம். குறையவும் செய்யலாம்."

பாயான் பாருவில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி, கடல் தெரிகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நாப்பது வருஷமா இந்தத் தீவுல இருக்கேன். பசார்ல ஐஸ் மேல செத்துக் கெடக்கற மீனத்தான் பார்த்திருக்கேன். உசுரோட, தண்ணிக்குள்ள, ஒரு தடவ பார்க்கணுங்க."

"பார்க்கலாம்" என்றேன். இருபது வருடத் திருமணத்தில் நான் அதிகமுறை சொன்ன சொல் அதுதான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். வடக்கே உள்ள பவளத்தீவுக்குக் கட்டமரான் படகுகள் போகத் தொடங்கியிருந்தன. கட்டுமரம் நம்முடைய சொல்தான். நாம் இரண்டு மரத்தைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தோம். அது உலகத்தைச் சுற்றிவிட்டுக் கழிவறையும் மதியச் சாப்பாடும் வெள்ளைப் பாயுமாகத் திரும்பி வந்திருந்தது. காலையில் கிளம்பிப் பவளப்பாறைக்குப் போய், முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, குப்புற மிதந்தபடி மீன் பார்த்துவிட்டு, மாலையில் பாய் விரித்துச் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே திரும்பி வரலாம். ஒரே நாளில் இரண்டு காட்சி. அவளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததைப்போல இருந்தது.

மறுநாளே லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். குவீன் ஸ்ட்ரீட்டில், நோட்டு மாற்றுகிற கடைக்குப் பக்கத்தில், தமிழ் முஸ்லிம் ஒருவர் டிக்கெட் ஏஜென்சி வைத்திருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். விஷயத்தைச் சொன்னேன், கண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"இந்த ஞாயித்துக்கெழமையே எடம் இருக்குண்ணே. கடல் இப்ப கண்ணாடி மாதிரி கெடக்கு லா. அக்காவக் கூட்டிட்டு வாங்க, நான் நல்ல சீட்டா பார்த்து வைக்கிறேன்."

அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"கொட்டேஷன எழுத்துல குடுங்க தம்பி" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, இது போட்டு டிக்கெட்டு. தீவுக்கு இன்னொரு பாலம் கட்டப் போறீங்களா?"

இதை விளக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எது வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். நாற்காலி ஆகட்டும், கரப்பான் மருந்து ஆகட்டும், மூன்று பேர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிட்டு அட்டவணை போட்டுத்தான் மேலே அனுப்ப முடியும். இரண்டு இருந்தால் ஃபைல் திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வருடம் நான் திரும்பி வராத ஃபைல்களை அனுப்பியவன். அதற்காக ஒரு ஆண்டுவிழாவில் சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். வீட்டில் சட்டை வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குவேன். எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பாவும் மூன்று ஜாதகம்தான் வாங்கினார். அவரும் அரசாங்க குமாஸ்தா. எங்களுக்கு அது ரத்தத்தில் ஓடுகிறது.

இரண்டாவது கொட்டேஷன் படகுத்துறைக்கு அருகில், ஒரு சீன அம்மாளிடம் கிடைத்தது. அவர் எழுத்தில் மட்டுமல்ல, தட்டச்சில் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. மூன்றாவதற்குத்தான் ஆள் இல்லை. பவளத்தீவுக்குப் போனவை அந்த இரண்டு படகுகள்தாம். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் ஒரு கட்டமரான் இருந்தது, ஆனால் அது சூரிய அஸ்தமனத்துக்கு மட்டும் போய்த் திரும்புவது. மீன் கிடையாது. மீன் இல்லாத படகை மீன் உள்ள படகோடு ஒப்பிட்டால் எந்தத் தணிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டுக்குத் தணிக்கையாளர் வருவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆகவே, பவளத்தீவுக்கும் போவீர்களா என்று விசாரித்து அந்தக் கடற்கரைக்காரருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டல்.

சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் பவளப்பாறைகளைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். பவளம் செடியல்ல, கல்லல்ல, உயிரினம் என்று காலைச் சாப்பாட்டின்போது அவளுக்கு விளக்கினேன். கிளிமீன் அதைக் கடித்துத் தின்று மணலாக வெளியே தள்ளுகிறது என்றேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி குவளைக்குள்ளும் பாதி மேசைத் துணியிலும் விழுந்தது. நான் மேசையைத் துடைத்துவிட்டுக் கிளிமீனுக்குத் திரும்பிப் போனேன்.

அட்டவணை பெரிதாகிக்கொண்டே போனது. பாறையருகில் எத்தனை மணி நேரம், மிதவைச் சட்டை உண்டா, தண்ணீரில் இறங்க ஏணியா படியா, நிழல் எவ்வளவு, திரும்பும்போது பாய் விரிப்பார்களா, எஞ்சினில் வந்துவிட்டுப் பாய் என்பார்களா. ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தலையை இடமும் வலமும் ஆட்டி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். முன்பெல்லாம் அவள் அப்படிப் படித்ததில்லை.

"மூணாவது பத்தி காலியா இருக்கே."

"அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"எனக்கு ரெண்டு போதுங்க. எனக்கு ஒண்ணே போதும்."

"அப்பறம் இது நல்லா இருந்திருக்குமோ, அது நல்லா இருந்திருக்குமோன்னு தோணக் கூடாதுல்ல."

அவள் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தாள். வைத்த இடத்தில் மேசை இல்லை. தாள் தரையில் விழுந்தது. நான் அதை எடுத்து ஃபைலில் வைத்தேன்.

நான் முட்டாள் என்று முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை. படகைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போக வேண்டும். போய்வந்துவிட்டால் அவள் பார்க்கக் கேட்டது முடிந்துபோகும். அதன்பிறகு எங்களுக்கு முன்னால் இருந்தது அந்த அட்டையின் கடைசிச் சிறிய வட்டம் மட்டுந்தான். அட்டவணை முடியாதவரை அவள் கண்ணுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அதனால்தான் இழுத்தேன் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. புரிந்து பயன் ஒன்றும் இல்லை.

கடற்கரைக்காரர் கடைசிவரை பதில் போடவில்லை. மூன்றாவது பத்தியில் 'பதில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, விதிப்படி அதுவும் ஒரு பதிலே என்று எனக்கு நானே ஒப்புதல் வழங்கிக்கொண்டு, ஏஜென்சிக்குப் போனேன். ஏழு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணே, ஆள் உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார் அந்தத் தம்பி. "இப்ப மழக்காலம் லா. தண்ணி தே தாரே பால்டீ மாதிரி கலங்கிக் கெடக்கு. அலையும் பெருசு. போட்டு போனாலும் ஒண்ணும் தெரியாது. சீனப் பெருநாளு கழியட்டும், இன்னும் மூணு மாசம்தான்."

"அவ்வளவு நாள் முடியாது தம்பி. அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு."

அவர் டிக்கெட் புத்தகத்தை மூடினார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே வீட்டுக்கு வந்து அக்காவக் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார். நான் ஏஜென்சியில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மழைக்காலத்தில் மருத்துவர் வட்டம் எதுவும் வரையவில்லை. சொட்டு மருந்தை மட்டும் மாற்றினார்.

பெருநாள் கழிந்து நாங்கள் போனபோது கடல் உண்மையிலேயே கண்ணாடிபோல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கலங்கியிருந்தால் கடலைத் திட்டியிருக்கலாம். பவளத்தீவருகே படகு நின்றதும், மலாய்க்காரப் படகோட்டி ஒருவர் அவளை அக்கா என்று பொருள்படும் 'காக்கா' என்றழைத்து, பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கைப்பிடித்து ஏணியில் இறக்கினார். ஒரு மிதவை வளையத்தைக் கொடுத்து, நீச்சல் கண்ணாடியை முகத்தில் மாட்டிவிட்டார். நானும் இறங்கினேன். தீவில் பிறந்தும் நீச்சல் தெரியாதவன். மிதவைச் சட்டைக்குள் ஒரு மூட்டைபோலத் தொங்கினேன். நீச்சல் கண்ணாடிக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாது என்பதை என் அட்டவணை கவனித்திருக்கவில்லை. இறங்குமுன்பே கழற்றி, படகில் இருந்த அவள் பையில் போட்டிருந்தேன். அது இல்லாமல் எனக்கு எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது.

படகோட்டி அவள் தலையைத் தொட்டு, மீன் கூட்டம் இருக்கிற பக்கமாக மெல்லத் திருப்பினார். மீன் அதற்குள் போயிருக்கும். மறுபடி திருப்பினார். அவளுக்கு மிஞ்சியிருந்த இடம் ஒரு சாவித் துவாரம். அதன் முன்னால் நிற்கும்படி மீன்களிடம் யாரும் சொல்லவில்லை. அரைமணி நேரம் அப்படித் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அவள் தலையைத் தூக்கிக் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "மஞ்சளா ஒண்ணு போச்சு" என்றாள். "இல்ல, போன மாதிரி இருந்துச்சு. நீங்க என்ன பார்த்தீங்க?"

"நெறைய. நீலத்துல வரி போட்டது, கிளிமீன், மான்கொம்பு மாதிரி பவளம்."

"உங்க கண்ணாடி என் பையிலல்ல இருக்கு."

நான் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றாள். "படிச்சதையே சொல்லுங்க."

ஆகவே கழுத்துவரை உப்புத் தண்ணீரில் தொங்கிக்கொண்டு, எனக்குக் கீழே இருந்ததை, நூலகத்தில் படித்த ஞாபகத்திலிருந்து அவளுக்குச் சொன்னேன். படகோட்டி ஒரு வார்த்தை புரியாமல் இருவரையும் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

திரும்பும்போது ஒப்புக்கொண்டபடி எஞ்சினை அணைத்துப் பாய் விரித்தார்கள். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் முன்பக்கம் கட்டியிருந்த வலைமேல் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நாங்கள் பின்னால், மேற்கைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈர முடியை அவள் துண்டால் சுற்றியிருந்தாள். சூரியன் கடலுக்கு ஒரு சாண் மேலே, மெல்லிய மேகத்துக்குள் சிவந்து நின்றது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலே அவளுக்கு இருட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

"எறங்கிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

சூரியன் எங்கள் இருவர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

"எறங்கிடுச்சு" என்றேன். "இப்பத்தான்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

அவள் தலையை அசைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்தேன். அவ்வளவு மெதுவாக அது இறங்கி நான் பார்த்ததே இல்லை. விளிம்பு தண்ணீரைத் தொட்டது, பாதியானது, நகத்துண்டு அளவானது. அது மறைந்ததும் முன்பக்கம் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

கைதட்டல் ஓயும்வரை அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை. பிறகு முகத்தை மெதுவாகக் கைதட்டல் வந்த பக்கம் திருப்பி அப்படியே வைத்துக்கொண்டாள். மேற்கு அந்தப் பக்கம் இல்லை.