பெண் மீன் இல்லாத ஏரி

மீன்குஞ்சுப் பண்ணையில் எல்லோரும் அவளை நீலவிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. விரல் நீள மீனை இடது உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, வயிற்றடியில் ஒரு சொட்டு நீலச் சாயம் தடவி, குனிந்து பார்ப்பாள். இரண்டு துளை தெரிந்தால் ஆண், மூன்று தெரிந்தால் பெண். பதினேழு வருஷமாக ஜிலேபிக் கெண்டைகளை இப்படிப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மீனுக்கு நாலு விநாடி போதும். விசேஷ வீடுகளில் வயிறு தள்ளி நிற்கும் பெண்கள் அவளை ஓரங்கட்டி, "அக்கா, எனக்கு என்ன பொறக்கும்னு சொல்லேன்" என்பார்கள். "மல்லாக்கப் போட்டு சாயம் தடவணும், பரவாயில்லையா?" என்பாள். கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் முதல் தொகுதியைப் பிரிக்க உட்கார்ந்தபோது, நூறு மீன் முடிந்தும் பெண் தொட்டியில் மூன்றே மூன்று கிடந்தன. கண்தான் போய்விட்டது என்று நினைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆண் தொட்டியிலிருந்து ஐம்பதை அள்ளி மறுபடி புரட்டினாள். ஐம்பதும் ஆண்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"நல்லதுதானேம்மா! ஆண் மீன்தான் மளமளன்னு வளரும். வாங்க வர்றவங்க கேக்கறதே அதைத்தானே?"

"எப்படி சார் இது? முட்டை அதே முட்டைதானே?"

"முட்டையில என்ன இருக்கு? பொரிச்ச நாலு வாரம் குஞ்சு எந்தத் தண்ணியில கிடக்குதோ, அதுதான் கணக்கு. தண்ணி நல்லா சூடா இருந்தா, பெண்ணா வரவேண்டியதும் ஆணா மாறிடும். ஹீட்டரை நிறுத்திட்டு ஏரியிலேருந்து குழாய் போட்டோமே, அந்தத் தண்ணி முப்பத்தஞ்சு டிகிரி. அதோட வேலைதான் இது."

ஏரிக்கரையில் மின் நிலையம் இருந்தது. எந்திரங்களைக் குளிரவைத்த தண்ணீரை அது ஏரியிலேயே விட்டது. நீலவிரலின் தம்பி அங்கேதான் வால்வு பார்க்கும் வேலையில் இருந்தான்.

தன் கையில் துடித்த மீனை அன்று அவள் கூடுதலாக ஒரு விநாடி பார்த்தாள். பெண்ணாக வந்திருக்கவேண்டிய ஒன்று. அதற்கே அது தெரியாது.

பண்ணையில் மிச்சமிருந்த தாய்மீன்கள் எட்டு. எட்டும் கிழடு தட்டிவிட்டன. ஏரியில் புதுத் தாய்மீன் பிடித்து வரும்படி மேலாளர் அனுப்பினார். ஒரு விடுமுறைக் காலையில் தம்பியின் படகில் இருவரும் போனார்கள். ஊரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, ஏரி மட்டும் அடுப்பில் ஏற்றிய பானை மாதிரி ஆவி விட்டது. கரை மறைந்துபோனது.

முதல் வலையில் முப்பது மீன். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. எல்லாம் ஆண். இரண்டாவது வலை, மூன்றாவது வலை, அதே கதைதான்.

"போதும்டா. கொஞ்சம் ஓரமா விடு."

ஆழம் குறைந்த இடத்தில் ஆவி விலகியது. அவள் குனிந்து பார்த்தாள். ஏரியடி முழுக்கக் குழிகள். தட்டு அகலத்தில், விளிம்பு பிசகாத வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டபடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பெண் வந்து முட்டையிட ஆண் மீன் வாயாலேயே தோண்டும் குழிகள் அவை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண், தொண்டை கறுத்து, செட்டை விரித்து, நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. குழிகளைத் தேடி ஒரு பெண்கூட வரவில்லை.

என்ன நினைத்தாளோ, கையைத் தண்ணீரில் விட்டாள். அத்தனை மீனும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

மெதுவாக வந்தன. நீலம் ஏறிய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக வாயால் தொட்டுப் பார்த்தன. கடிக்கவில்லை. தொட்டுவிட்டு, தத்தம் குழிப் பக்கம் திரும்பி நீந்தி, பின்னால் வருகிறாளா என்று பார்ப்பதுபோல் நின்றன. படகின் அடிப்பலகையில் மெல்ல ஓர் அதிர்வு கேட்டது, தூரத்தில் பலர் வாய் திறக்காமல் முனகுவதுபோல.

"அக்கா, கையை எடு" என்றான் தம்பி. துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பினான்.

திரும்பும்போது கேட்டாள்: "தண்ணி எப்பலேருந்துடா இவ்வளவு சூடு?"

"ரெண்டாவது எந்திரம் வந்ததுலேருந்து. மூணு வருஷமாச்சு. அதுக்கப்புறம் ஆறவே இல்ல."

"மூணு வருஷமா இங்க பொண்ணே பொறக்கலடா."

"நான் என்னக்கா பண்ண? திருப்பச் சொன்னா திருப்பறேன், மூடச் சொன்னா மூடறேன்."

"உன்னை யாருடா குத்தம் சொன்னா?" என்றாள்.

மறுநாளே மேலாளரிடம் போய் நின்றாள். "ஏரியிலயும் பொண்ணு இல்ல. கிழவிங்க எட்டும் போயிட்டா, அடுத்து முட்டைக்கு எங்க சார் போவீங்க?" அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மின் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பழைய கொட்டகையில் ஒரு தொட்டியை அவளுக்கு ஒதுக்கினார்.

அவள் கிணற்றுத் தண்ணீரால் அதை நிரப்பினாள். தாய்மீன்களின் வாயைத் திறந்து, இட்டவுடன் அவை உள்ளே அள்ளி அடைகாத்த முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தாள். குஞ்சுகள் வந்ததும் இருபத்தெட்டு நாள் வெப்பமானியும் கையுமாக இருந்தாள். இருபத்தேழு டிகிரியைத் தாண்டினால் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர். "எங்களுக்குக்கூட இப்படிக் காய்ச்சல் பார்த்ததில்ல" என்றார் அவள் வீட்டுக்காரர்.

மூன்று மாதம் கழித்துப் பிரிக்க உட்கார்ந்தாள். முதல் மீன் ஆண். இரண்டாவதும் ஆண். மூன்றாவதின் வயிற்றடியில் மூன்று துளை. மீன் வழுக்கித் தரையில் விழுந்தது. எல்லாம் பிரித்து முடித்தபோது பாதிக்குப் பாதி பெண்.

பெண்களில் பாதியைப் பண்ணைக்கு வைத்துக்கொண்டு, மீதி இருநூறை ஓரளவு வளர்த்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செட்டை ஒன்றை அடியோடு கத்தரித்து, தம்பியோடு ஏரிக்குக் கொண்டுபோனாள். முதல் கேனைச் சாய்த்ததுமே குழிகள் எல்லாம் காலியாயின. ஏரியின் எல்லாப் பக்கமிருந்தும் கறுத்த முதுகுகள் படகை நோக்கி வந்தன. தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. பிறகு சட்டென்று அடங்கியது. மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் சின்னப் பெண்களைத் தெரியாத வீட்டில் விட்டுவிட்டு வருவதுபோல் இருந்தது.

அடுத்த வருஷம் ஏரியில் குஞ்சு இருந்தது. பிடித்துப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் ஆண். தாய் எங்கிருந்து வந்தால் என்ன, பிறந்தது வெந்நீரில்தானே. மறுபடி தொட்டியை நிரப்பினாள். மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

நாலாவது வருஷம், மின் நிலையத்துக்கு நேர் எதிர்க் கரையில், யாரும் வலை போடாத நாணல் மூலையில் இரண்டு பெண் மீன்கள் மாட்டின. அவற்றின் வயிற்றுச் செட்டை இரண்டும் முழுசாக இருந்தன.

"இது நான் விட்டது இல்லடா" என்றாள்.

"பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். முழங்கால் அளவு வெதுவெதுப்பு. இரண்டடி நகர்ந்ததும், கீழேயிருந்து யாரோ ஈரக் கையால் கணுக்காலைப் பிடித்ததுபோல் ஒரு குளிர். கத்திவிட்டாள். மண்ணுக்குள்ளிருந்து ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. ஓர் அறை அகலம்கூட இருக்காது. "இங்கதான்டா பொறந்திருக்கு" என்றாள்.

அன்றைக்கே தம்பி கழி வெட்டி வந்தான். யாரும் வலை வீசாதபடி அந்த இடத்தைச் சுற்றி இருவரும் நட்டார்கள். ஒவ்வொரு கழியையும் அடிப்பதற்கு முன் அவள் காலை விட்டு, குளிர் எதுவரை இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொன்னாள்.