வெர்னாவின் ஐந்தாவது குண்டு

வெர்னா ஸ்டோக்கி எங்கள் மாவட்டத்தில் சாலைப் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவள். உயரம் ஐந்தடி, பூட்ஸையும் சேர்த்து. அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் துப்பாக்கி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருந்தும், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை அவள் ஆரின் பக் என்பவனின் துப்பாக்கிக் கடைக்கு வந்து, அரை அங்குலக் குண்டு போடும் அந்தப் பெரிய ரைஃபிளைக் காட்டச் சொன்னபோது ஆரின் சிரித்துவிட்டான். முப்பது பவுண்டு எடை. ஒரு தோட்டாவே உள்ளங்கையைவிட நீளம். தபால் கொடுக்கப் போன நான் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன்.

"என்ன வெர்னா, டெல்லுக்குப் பொறந்த நாளா?"

"என் புருஷன் சுடுறதெல்லாம் பேச்சுலதான். இது எனக்கு."

"இதத் தூக்கவே உனக்குத் தனியா ஒரு ஆளு வேணுமே."

"லாரி எதுக்கு வெச்சிருக்கேன்? நீ ஃபாரத்த எடு."

வாங்குவது உங்களுக்காகத்தானா என்று ஃபாரத்திலேயே ஒரு கேள்வி உண்டு. அந்த 'ஆம்' கட்டத்தில் அவள் பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது. வாங்குகிறவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஆரின் ஃபோனில் அவள் விவரங்களைச் சொன்னான். பத்து நிமிடத்தில் சரி என்று பதில் வந்தது. பெட்டியை நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினோம்.

முந்தின கோடையில் அவள் ஆயிரம் கஜத் தூரத்தில் இலக்கைச் சுடும் போட்டியைப் பார்க்கப் போயிருந்தாள். "எல்லாரும் காத்து பாக்க நட்ட கொடியப் பாத்துச் சுடுறாங்க. கொடி ஆடுறப்போ காத்து அந்த எடத்தத் தாண்டிப் போயிருக்கும். புல்லப் பாக்கத் தெரியல ஒருத்தனுக்கும்," என்றாள் என்னிடம். இருபது குளிர்காலம் வெட்டவெளியில் பனி எந்தப் பக்கம் சீறுகிறது என்று பார்த்தே வண்டி ஓட்டியவள் அவள். அந்தக் கண் அவளிடம் இருந்தது.

ரைஃபிளை வைக்க இரும்பு அலமாரி வாங்கித் தரையோடு போல்ட் போட்டாள். சாவி அவள் கழுத்தில். கடைத் தோட்டா கட்டுப்படியாகாது என்று வண்டிக் கொட்டகையிலேயே வெடிமருந்தை எடை போட்டுத் தானே தோட்டா நிரப்பினாள். அந்த வேலை நடக்கும்போது டெல் உட்பட யாரும் அங்கே வாய் திறக்கக் கூடாது.

முதல் குண்டை எங்கள் மேய்ச்சல் நிலத்தில், பின்னால் குன்று இருக்கும் இடமாகப் பார்த்துச் சுட்டாள். குழல் முனையிலிருந்து பக்கவாட்டில் வந்த காற்று புழுதியைக் கிளப்பி டெல்லின் தொப்பியைத் தூக்கி எறிந்தது. தோள் வலிக்கவில்லை என்றாள். நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியது போல இருந்ததாம். அந்த அறைதலை எதிர்பார்த்து, விசையை இழுக்கும்போதே சில நேரம் அவள் கண் மூடிக்கொள்ளும். அது ஒன்றுதான் குறை.

மூன்றாம் வருடச் செப்டம்பரில் அவள் போட்டியின் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். பக்கத்து மேசையில் யூட்டாவிலிருந்து வந்த கார்வின் லீட்ஸ், இரண்டு முறை ஜெயித்தவர். நான் வெர்னாவுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து குண்டு எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து குண்டுகளும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் கணக்கு.

நான்கு குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின. ஐந்தாவதற்கு அவள் நெடுநேரம் புல்லைப் பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு சுட்டாள். அவள் இலக்குக்கு இடப்புறம், மண்மேட்டில் புழுதி எழுந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். தவறிவிட்டது. அதே மூச்சில் கார்வினும் சுட்டார். மறுபடி பார்த்தேன், வெர்னாவின் இலக்குத் தாளில் ஐந்து ஓட்டைகள். அவர் குண்டு இவள் தாளில் விழுந்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அவள் ஜெயிக்கட்டும் என்று இருந்தேன்.

தாள்கள் வந்தன. நடுவர் பிரேடி அளந்து பார்த்து, "ஏழே கால் அங்குலம். ஜெயிச்சாச்சு வெர்னா," என்று கையை நீட்டினார்.

அவள் கையைக் கொடுக்கவில்லை. தாளில் ஓர் ஓட்டையின் மேல் விரலை வைத்தாள். "இது என்னுது இல்ல. கடைசிக் குண்டுக்குக் கண்ண மூடிட்டேன். அது இங்க வர வாய்ப்பே இல்ல. கார்வின் தாள எண்ணிப் பாருங்க."

கார்வின் தாளில் நான்கே ஓட்டைகள்.

பிரேடி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நீ சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"எனக்குத் தெரியுமே."

கார்வின் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடுத்தவங்க தாள்ல சுட்டதுக்கு எனக்கும் பூஜ்யம்தான். ரெண்டு பேரும் சேந்து மூணாவது மேசை கொலராடோக்காரனுக்குக் கோப்பையத் தூக்கிக் குடுத்திருக்கோம், வெர்னா." அன்று பார்பிக்யூ சாப்பாட்டு வரிசையில் தன் இடத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்துப் பின்னால் போய் நின்றார்.

திரும்பும் வழியில் டெல் லாரியை ஓட்டினான்.

"புழுதி எழும்பினத நீ பாத்த இல்ல?" என்றாள் வெர்னா, என் பக்கம் திரும்பாமல்.

"பாத்தேன்."

"அடுத்த வருஷமும் நீதான் எனக்குப் பின்னால உக்காரப் போற. பாத்தத பாத்தபடி சொல்லணும். இல்லேன்னா அந்த எடத்துல டெல்ல உக்கார வெச்சுடுவேன்."

"அதுக்கு நீ கண்ண மூடிக்கிட்டே சுடலாம்," என்றான் டெல். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் வெற்றுத் துப்பாக்கியின் முன் உட்கார்ந்து, கண் சிமிட்டாமல் விசையை இழுத்துப் பழகினாள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. அடுத்த செப்டம்பரில் ஆறு அங்குலத்துக்கும் குறைவான இடத்துக்குள் ஐந்து குண்டுகளைச் சேர்த்தாள். பிரேடி இரண்டு முறை அளந்தார். ஓட்டைகளை எண்ணிச் சொன்னது கார்வின் லீட்ஸ்.