அவனிடமிருந்து வந்த தலைசுற்றல்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் மண்டோர். விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு. அன்று காலை டிராக்டர் ஓட்டுபவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, எந்திரிச்சதிலேர்ந்து தலை சுத்துது. இன்னிக்கு லீவு குடுங்கண்ணே.”

“ஆள் இல்ல லா. வெட்டின குலையெல்லாம் காட்டுல கெடக்குது. இன்னிக்கு மட்டும் போயிட்டு வந்துரு.”

அவன் டிராக்டரை நோக்கி நடந்தான். முதல்நாள் பெய்த மழையில் மேட்டுச் சரிவு ஊறியிருந்தது. பதினொரு மணிவாக்கில் டிராக்டர் அங்கே கவிழ்ந்து அவன்மேல் கிடந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் மண் சறுக்கிவிட்டது என்றேன். அதுவும் உண்மைதான். அவன் லீவு கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

அவன் கருமாதி முடிந்து சில வாரங்கள் இருக்கும். காலையில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆனால் அது வரவேண்டிய இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. எதிரே நின்ற வரிசை அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் திறந்தபோது மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. குளிக்கும்போது, மோட்டார் சைக்கிளில் போகும்போது. வருவதற்கு முன்னால் காதருகே யாரோ மெதுவாக ‘அண்ணே’ என்பது போலிருக்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவன் தன் தலைசுற்றலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே நம்பினேன். பக்கத்து வீட்டம்மா காற்றுக் கருப்பு என்றார். மனைவி கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கி வந்து கட்டினாள்.

கடைசியில் சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதைச் சோதித்தார்கள். கட்டிலில் சட்டென்று சாய்த்துத் தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். எதிலும் குறை இல்லை. மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண், கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி வெளியே உட்கார்ந்து நிரப்பிவரச் சொன்னார். குனிந்து எழுத்தைப் பார்த்தாலே எனக்குச் சுற்றும். அதனால் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டு மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் கேட்டாள்.

“ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சா?”

“இல்ல.”

அவள் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “டிவி முன்னால உக்காந்துகிட்டு செவுத்த பாக்குறீங்க. நான் பாத்துகிட்டுத்தான இருக்கேன்.”

“சரி. தெனமும்னு போடு.”

தூக்கம், பசி, பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. ஒரு கேள்வியை மட்டும் முதலில் தனக்குள் படித்தாள். பிறகு மிக மெதுவாக, “செத்துப் போனா நல்லதுன்னு தோணுச்சான்னு கேட்டிருக்காங்க,” என்றாள்.

“சில நாள்.”

அவள் போட்ட கோடு கட்டத்துக்கு வெளியே போனது. அந்த நாற்காலியில் வைத்தே, அவன் லீவு கேட்டது முதல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

டாக்டர் தாளைப் படித்துவிட்டு, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, ஏதாவது செய்துகொள்ள நினைத்ததுண்டா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். “உங்கள் தலைசுற்றல் பொய்யில்லை, நீங்கள் கற்பனை செய்யவில்லை,” என்றார் மலாயில். “பயம் அதைக் கூட்டுகிறது, அது பயத்தைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து.” மாத்திரையும் தலையை அசைத்துச் செய்யும் பயிற்சியும் கொடுத்தார். மாதம் இருமுறை மனநல ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசவும் ஏற்பாடு செய்தார்.

நான்கு மாதம் கழித்து, செத்தவன் மனைவியைப் பார்க்கத் தெமியாங் போனேன். அவள் அங்கே தங்கை வீட்டில் இருந்தாள். லீவு கேட்டதைச் சொல்லி முடித்தேன்.

“தெரியும்ணே,” என்றாள். “டிராக்டர் எடுக்குறதுக்கு முன்னால எனக்கு போன் பண்ணாரு. நீங்க எப்ப வந்து சொல்வீங்கன்னுதான் இருந்தேன்.”

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீலோ கலந்து வைத்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைசுற்றல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று மனைவியைக் கூப்பிடுகிறேன். அவள் வந்து பக்கத்தில் நிற்கிறாள்.