நேசன் டொக்டரின் பலகை

நேசன் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், வெள்ளவத்தையில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர். "எங்கட டொக்டர் போயிட்டாராம், ஐயா" என்றார். பல வருடங்களாக அங்கே போகும் நானும் டொக்டர்தான். என்னை அவர் 'எங்கட' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவனோடும் என்னோடும் ஒரே ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். கட்டடத்தில் ஏறி விழுந்தவர்களும் பஸ்ஸிலிருந்து தவறியவர்களும் வருவார்கள். பலர் விழுந்த இடத்தில் கால்களை அசைக்க முடிந்தவர்கள். அயலார் பாசத்தோடு தூக்கி நிமிர்த்தி, சோடா பருக்கி, ஓட்டோவில் மடக்கி ஏற்றுவார்கள். வரும் வழியில், உடைந்த முள்ளந்தண்டு உள்ளே ஓடும் முண்ணாண் நரம்பை நசுக்கி, கால்களை முடக்கிவிடும். ஒரு மதியம் தேநீர் மேசையில் நான் சொன்னேன்: கடை சாத்துகிற பலகைகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன, இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதில் நேராகக் கிடத்திக் கொண்டுவந்தால் என்ன?

அடுத்த ஞாயிறே நேசன் கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரர்களிடம் போய்விட்டான். தானே தரையில் படுத்து, சாரத்துணியைச் சுருட்டிக் கழுத்துக்கு அணை கொடுப்பதைக் காட்டினானாம். பிறகு கிராண்ட்பாஸ், மட்டக்குளித் தெருக்களுக்கும் போனான். 'நேசன் டொக்டரின் பலகை' என்று பெயரும் வந்துவிட்டது.

"அது நான் சொன்னதெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓமடாப்பா. நீ எங்களுக்குச் சொன்னனீ. நான் அவங்களுக்குச் சொன்னனான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

பின்னொரு மழைநாளில், கொட்டாஞ்சேனையில் பஸ்ஸிலிருந்து வழுக்கி, நடைபாதை விளிம்பில் முதுகு அடிபட விழுந்தேன். வலியில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"என்னைத் தூக்கி ஓட்டோவில இருத்துங்கோ!"

"அசையாதீங்க ஐயா. பலகை வருது" என்றார் ஓட்டோக்காரர்.

"நானும் டொக்டர்தான்!"

"இருக்கட்டும். நேசன் டொக்டர் ஏசுவார்."

முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்தது. என் சொல்லைக் கேட்டு அவர்கள் இருத்தியிருந்தால் இன்று என்னால் நடக்க முடிந்திராது. நேசன் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தான். "உன்ர பலகைதான் உன்னைக் காப்பாத்தினது" என்றான். அப்போது அருகில் ஒருவருமில்லை. தாதியர் நின்ற நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

மரணவீட்டில் அதே ஓட்டோக்காரர் எனக்குக் கதிரை தந்தார். "இவர் நேசன் டொக்டர் காப்பாத்தின ஆள்" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். நான் அதில் உட்காரவில்லை. பிரேதம் எடுக்கும்வரை நின்றேன்.

அந்தத் தேநீர் மேசையில் இருந்த நீங்கள் கனடாவிலும் லண்டனிலும் அதை மறந்திருப்பீர்கள். பலகை என்னுடையது என்று தெரிந்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தக் கால்களும், வேறு யாரும் கேட்டிராத அந்த ஒரு வாக்கியமும்.