தொட்டால் தெரியாத இடம்

பொசுங்கும் வாடை முதலில் என் மூக்குக்குத்தான் வந்தது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. மீனும் இறாலும் ஏற்றிய குளிர்பதனக் கன்டெய்னர்களில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று ஒரு கன்டெய்னரின் இயந்திரத்தைத் திறந்து உள்ளே குனிந்திருந்தேன். ஏதோ வயர் எரிகிறது என்று தேடினேன். வயர் இல்லை, என் வலது முன்கை. சூடான குழாயின் மேல் அதைச் சாய்த்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. வலி இல்லை.

வலி இல்லாததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் உடம்பிலும் தொட்டால் தெரியாத இடம் ஒன்று இருந்து, அதற்கு நீங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. இராயபுரத்தில் ஒரு வாலிபால் கிளப்பில் ஆடுகிறேன். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மண் மைதானம், இரண்டு கம்பம், ஒரு நெட், வேலைக்குப் போகும் முன் காலையில் வந்து சேரும் பத்துப் பன்னிரண்டு பேர். துறைமுகத்தில் இருப்பவர்கள், ரயில்வேக்காரர்கள், கடைக்காரர்கள். நான் பின்வரிசைக்காரன். எதிரணி அடிக்கும் சர்வீஸை இரண்டு முன்கைகளையும் சேர்த்துப் பிடித்து வாங்கி, செட்டருக்கு (ஸ்மாஷ் அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) அனுப்புவது என் பொறுப்பு. புதிதாக ஆட வருபவர்களுக்கு முதலில் முன்கை கன்றிப்போகும், சோறு பிசையக்கூட முடியாது. போகப் போக மரத்துவிடும். மரத்துப்போனால் எங்கள் ஆட்களுக்கு அது தேர்ச்சி.

அதனால்தான் என் மணிக்கட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய வட்டம் வந்து, அங்கே பந்து பட்டால் தெரியாமல் போனபோது நான் மருத்துவரிடம் போகவில்லை. வட்டத்தைத் தேமல் என்று வைத்துக்கொண்டேன். மரத்துப்போனதைக் காதர் பாயிடம் சொன்னேன். காதர் பாய் எங்கள் செட்டர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். கிளப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“மரத்துப்பூச்சா? இப்பதான் மாமு நீ பிளேயர் ஆயிகீற. வலிக்குது வலிக்குதுன்றவன்லாம் இன்னும் கத்துகினு கீறான்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பலமான சர்வீஸ் வந்தால் “அவங்கிட்ட உடு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்று கத்துவார்கள். ஒன்றும் தெரியத்தான் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெருமையோடு ஆடினேன்.

சுட்டுக்கொண்ட கையோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஸ்டெல்லா பர்னால் எடுத்து வந்தவள், தடவாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாய்யா இது, சதை வெந்து கீது. நீ பாட்டுக்கு டீ குட்ச்சினு ஒக்காந்துகீற?”

“வலிக்கல ஸ்டெல்லா.”

“வலிக்கலன்னா அதான்யா பயமா கீது. கெளம்பு.”

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். சொறிந்துகொள்பவர்கள் நடுவில் நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுபவர். என் கையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். அங்கேயும் நாலைந்து வெளிறிய திட்டுகள் இருக்கின்றன என்றார். முதுகை யார் பார்த்தது?

“கண்ணை மூடிக்கங்க. பஞ்சால தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டுங்க.”

முதலில் தோளைத் தொட்டார், காட்டினேன். கன்னத்தைத் தொட்டார், காட்டினேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார் என்று நினைத்துக் காத்திருந்தேன். கடைசியில், “டாக்டர், ஆரம்பிக்கலாம்” என்றேன்.

“தொட்டுக்கிட்டுதான் இருக்கேன். கண்ணைத் திறந்து பாருங்க” என்றார்.

பஞ்சு என் முன்கையின் மேல் இருந்தது. ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் முழங்கைக்குப் பின்னால் உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு தடித்திருந்தது. காது மடலில் சின்னதாகக் கீறி நிணநீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார்கள் (கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு). முடிவு வந்த அன்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தொழுநோய். எங்கள் தெருவில் அதற்குப் பேர் குஷ்டம்.

அந்த நிமிடத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என்ன நினைத்தீர்கள், அழுதீர்களா என்று. ஒன்றும் நினைக்கவில்லை. மேசையில் ஒரு பேனாவுக்கு மூடி இல்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. கை மரத்த மாதிரி ஆளே மரத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல மாதம் அப்படித்தான் இருந்தேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் கெட்டவன் ஆகிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம்.

மருத்துவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது கிருமியால் வருவது. நீண்ட நாள் நெருக்கமாகப் பழகினால்தான் ஒட்டும், அதிலும் பெரும்பாலோருக்கு ஒட்டாது. மருந்து ஆரம்பித்த சீக்கிரத்திலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். கூட்டு மருந்து (மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) ஒரு வருடம் சாப்பிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். கிருமி செத்துவிடும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பில் உணர்ச்சி திரும்புமா என்பது வேறு கேள்வி. இவ்வளவும் விஷயம். சாபம், பாவம், முன்னோர் செய்த வினை என்று பேச ஒருவர் கட்டாயம் உங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்கு டீ போட்டுக் கொடுக்காதீர்கள்.

நான் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். பாயையும் ஓரமாகப் போட்டேன். ஸ்டெல்லா பார்த்தாள்.

“இன்னா, டிராமா போட்டுகினு கீறியா? இத்தினி வருசமா ஒரே தட்டுல துன்னுட்டு இப்ப இன்னா தனித் தட்டு? டாக்டரம்மா சொன்னது காதுல உழுந்துச்சா இல்லியா?” என்று தட்டைப் பிடுங்கி மற்றப் பாத்திரங்களோடு போட்டாள். மறுநாளே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, கூட இருப்பவர்கள் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடும் ஒரே ஒரு வேளை மாத்திரையையும் விழுங்கிவிட்டு வந்தாள். வீட்டைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

மைதானம்தான் பாக்கி. வாலிபாலில் ஒரு வழக்கம் உண்டு. பாயின்ட் எடுத்தாலும் விட்டாலும் ஆறு பேரும் நடுவில் ஓடி வந்து கையோடு கை அடித்துவிட்டுத்தான் அவரவர் இடத்துக்குப் போவோம். ஒருவன் சொதப்பினால் அவன் கையில்தான் பலமாக அடி விழும். பரவாயில்லை என்று வாயால் சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, கையால்தான். எனக்கு வேலை போய்விடும் என்றோ செத்துவிடுவேன் என்றோ கவலை இல்லை. அந்த ஐந்து கையும் இனி என் கை மேல் விழுமா என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கவலையாக இல்லை, கேள்வியாக மட்டும் இருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மருத்துவமனையில் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வருடக்கணக்காக நெருங்கிப் பழகியவர்களையும் பரிசோதிப்பது நல்லது, உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும், என்றார் மருத்துவர். காதர் பாயின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் போகும்வரை நின்று, சொன்னேன்.

அவர் விரித்த துணியை மடிக்கத் தொடங்கினார். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“மரத்துப்பூச்சுன்னு நீ சொல்ல சொல்ல, பிளேயர் ஆயிட்டன்னு நான்தான் இளிச்சேன்” என்றார். “அல்லா, இன்னா வாய்டா இது.”

“உடு பாய். நானும்தான் நம்பினேன்.”

“டாக்டரம்மாவ இட்டுகினு வா. எல்லாரும் மாத்திர போட்டுப்போம். நான் சொல்றேன் பசங்ககிட்ட.”

மருத்துவமனையிலிருந்து ஒரு சுகாதாரப் பணியாளர் காலையில் மைதானத்துக்கே வந்தார். எல்லோரும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்கள். யாருக்கும் எதுவும் இல்லை. டேவிட் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ரயில்வேயில் இருப்பவன், எங்கள் அணியில் ஸ்மாஷ் அடிப்பவன், ஆட்டத்தில் எனக்கு வலப்பக்கம் நிற்பவன். சுழற்சியில் எல்லோரும் இடம் மாறினாலும் பக்கத்து ஆள் மாறுவதில்லை.

“மாமு, வூட்ல கைக்கொயந்த கீது. தப்பா நெனச்சிக்காத” என்றான்.

“இல்லடா” என்றேன். தப்பாக நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு உபயோகப்படும். மாதத்துக்கு ஒரு அட்டை. மாதத்தின் முதல் வேளையை அவர்கள் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பதற வேண்டாம். தோல் கறுக்கும், வறளும். யார்டில் “வெயில்ல ரொம்பக் கறுத்துட்டே” என்றார்கள், ஆமாம் என்றேன். மருந்து முடிந்து நாளாக ஆகக் கறுப்பு குறையும்.

நடுவில் ஒருநாள் காலையில், முழங்கையில் பிடுங்கி எடுக்கிற வலியோடு எழுந்தேன். சந்தோஷப்பட்டேன். வலி வந்துவிட்டது, நரம்பு பிழைத்துவிட்டது என்று ஸ்டெல்லாவை எழுப்பிச் சொன்னேன். அவள் என் சுண்டுவிரலைப் பார்த்தாள். அதுவும் பக்கத்து விரலும் உள்பக்கம் மடங்கியிருந்தன, நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை. வலி வந்தது நரம்பு பிழைத்ததால் அல்ல. எதிர்வினை (செத்த கிருமிகளோடு உடம்பே சண்டை போட்டு நரம்பை வீங்க வைப்பது). இந்த மாதிரி வலி வந்தால் அன்றே போய்விடுங்கள். ஸ்டெல்லா அன்றே இழுத்துக்கொண்டு போனதால்தான் என் விரல்கள் இன்று நிமிர்ந்திருக்கின்றன. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, விரலை நிமிர்த்தி வைக்கும் சிம்புக்கட்டு, தினமும் எண்ணெய் தேய்த்து விரல் பயிற்சி. முகம் உப்பியது. கண்ணாடியில் வேறு யாரோ தெரிந்தார்.

வருட முடிவில் மருத்துவர் மறுபடி பஞ்சை எடுத்தார். விரல்களுக்குப் பலம் வந்துவிட்டது. முன்கைத் திட்டும், உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து ஓரமும் அப்படியேதான் இருந்தன.

“இது திரும்பாமலே போகலாம்” என்றார்.

“ஆடலாமா டாக்டர்?”

“முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க. முழங்கைக்கு உறை மாட்டுங்க. ஆட்டம் முடிஞ்சதும் கையை ஒரு இடம் விடாமப் பாருங்க. உங்களுக்கு இனிமே கண்தான் தோல்.”

ஒரு வருடம் கழித்து ஆடப் போனேன். முதல் பாயின்ட் முடிந்ததும் ஆறு பேரும் ஓடி வந்தோம். கட்டைவிரல் பக்கம் நாலு அடி விழுந்தது, காதர் பாயின் அடி எலும்பில் இறங்கியது. வலப்பக்கம் பார்த்தேன். டேவிட்டின் கை என் கை ஓரத்துக்கு விரற்கடை தூரத்தில் நின்று திரும்பிப் போனது. பார்க்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் நின்றது. சில வாரங்களில் பார்ப்பதை விட்டுவிட்டேன். கையை நீட்டிவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோபம் இல்லை. வருத்தம்கூட அடுத்த தெருவில் யாருக்கோ இருப்பதுபோல் இருந்தது.

இப்போது என் உடம்பைப் பற்றிய செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வருகிறது. காலையில் கீறிக்கொண்டதை மாலையில் குளிக்கும்போது தெரிந்துகொள்கிறேன். சட்டையில் கறையைப் பார்த்துவிட்டுக் காயத்தைத் தேடுகிறேன். மற்றவர்களுக்கு அப்போதே நடப்பது எனக்குப் பிறகு நடக்கிறது. பழகிவிட்டது.

போன ஞாயிறு எண்ணூர் அணியோடு ஆட்டம். இரண்டாவது செட்டைத் தோற்று, தண்ணீர் குடிக்க ஒதுங்கினோம். காதர் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டேவிட் இன்னா மாமு அந்த அடி அடிக்கிறான் உன் கையில? சத்தம் நெட்டுக்கு அந்தாண்ட கேக்குது. மெதுவா அடின்னு சொல்லவா?”

“எப்போ அடிச்சான்?”

“இன்னா எப்போ? மாசக்கணக்கா அட்ச்சிகினுதானே கீறான்.”

தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன். டேவிட் அந்தப் பக்கம் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். முதன்முதலில் எந்த நாளில் அடித்தான், நாங்கள் பாயின்ட் எடுத்தோமா விட்டோமா, எதுவும் எனக்குத் தெரியாது. மாதக்கணக்காக மற்ற நாலு கையோடு சேர்ந்து அவன் கையும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மருத்துவரின் மேசை முன்னால் வராத அழுகை இப்போது வந்தது. காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது செட். முதல் சர்வீஸையே சொதப்பி வெளியே விட்டேன். ஆறு பேரும் நடுவில் வந்தோம். நான் வலது கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, டேவிட்டுக்கு நேராக இடது கையை நீட்டினேன். அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓங்கி அடித்தான்.

வலித்தது.